பத்தாம் வகுப்புச் சான்றிதழும் சுவரில் ஓர் உலகப் படமும்

(வேலைக்குச் செல்வோருக்கான பத்தாம் வகுப்பு மாலைப் பயிற்சியின் தொடக்க நாளில், வியாபாரிகள், இளைஞர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வாரம் ஒரு பெரியவர் என்னைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார். "ஹஜ்ரத், படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போன பிள்ளைங்களுக்கு வகுப்பு நடத்துறீங்க. நல்ல காரியம். கணக்கு சொல்லிக் கொடுங்க, இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்க. உக்ரைன், இந்தோனேசியான்னு உலக விவகாரம் எல்லாம் எதுக்கு? அவன் என்ன ஐ.நா. சபைக்கா போகப் போறான்?"

வகுப்புக்கு நன்கொடை கொடுத்தவர் அவர். கேட்பதற்கு உரிமை உள்ளவர். அந்த இடத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் எளிய பதில். தமிழக அரசின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு உலகப் போர்கள் இருக்கின்றன. போருக்குப் பிந்தைய உலகம் இருக்கிறது. பாலஸ்தீனப் பிரச்சினையும் சூயஸ் நெருக்கடியும் அந்தப் பாடத்துக்குள்ளேயே வருகின்றன. இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை, உலகமயமாதல், வர்த்தகம், உணவுப் பாதுகாப்பு எல்லாம் இருக்கின்றன. பள்ளியில் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எழுதுகிற அதே தாளைத்தான் தனித்தேர்வராக எழுதும் முப்பத்தைந்து வயது ஆட்டோ ஓட்டுநரும் எழுத வேண்டும். ஆகவே இந்தப் பாடத்தைத் தாண்டிப் போக வழியில்லை.

ஆனால் மார்க்குக்காக மட்டும் என்றால் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

விரல் போய் நின்ற இடம்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மதரஸாவுக்குப் போனவன் நான். ஏழு வருடம் ஓதி ஸனது வாங்கினேன். அரபிக் கிதாபுகளைத் தடையில்லாமல் வாசிப்பேன். ஆனால் ஓர் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது, கல்வித் தகுதி என்ற கட்டத்தில் 'எட்டு' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் அந்தத் தாளைத் திருப்பித் தள்ளிய விதம் இன்றும் மறக்கவில்லை. அந்த வருடமே, முப்பத்திரண்டு வயதில், பத்தாம் வகுப்புக்குத் தனித்தேர்வராகப் பதிவு செய்தேன். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்குப் போனேன். என் தாடியையும் தொப்பியையும் பார்த்துப் புது வாத்தியார் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்! 'உட்காருங்க தம்பி, நானும் உங்க கிளாஸ்தான்' என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கணக்கு என்றால் பயம். சமூக அறிவியல் என்றால் அலட்சியம். வாரந்தோறும் ஜும்ஆ மேடையில் பாலஸ்தீனம், ஈராக், ஆப்கானிஸ்தான் என்று முழங்குகிறவனுக்கு அது ஒரு பாடமா? அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். மாற்று மதச் சகோதரர். மிகவும் அமைதியானவர். ஒரு நாள் சுவரில் உலகப் படத்தை மாட்டிவிட்டு, "ஹஜ்ரத், போன வெள்ளிக்கிழமை காஸாவைப் பத்திப் பேசினீங்களாம். எங்கே இருக்குன்னு காட்டுங்க" என்றார்.

சகோதரர்களே, என் விரல் சவூதிக்கும் துருக்கிக்கும் நடுவே அலைந்தது. கடைசியில் ஜோர்டானில் போய் நின்றது. அவர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து மத்தியத் தரைக்கடல் ஓரமாக, எகிப்தை ஒட்டிய அந்தச் சின்னக் கீற்றில் கொண்டுபோய் வைத்தார். "ரஃபா வாசல்னு பேசினீங்களே, அது எந்த நாட்டுப் பக்கம் திறக்குது?" என்றார். அதுவும் எனக்குத் தெரியாது. எத்தனை வருடம் அந்தப் பெயரைச் சொல்லி மக்களை அழ வைத்திருக்கிறேன்! எந்த நாட்டின் எல்லை என்றுகூடத் தெரியாமல்.

அந்த முறை சமூக அறிவியலில் தோற்றேன். துணைத் தேர்வில்தான் தேறினேன்.

இ.சி.ஆர். என்றால் என்ன?

மகாபலிபுரம் போகிற சாலையைச் சொல்லவில்லை. இங்கே இருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் எதற்காக இந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் எடுத்தால், அவர் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பிரிவில் வைக்கப்படுகிறார். அதைத்தான் இ.சி.ஆர். என்கிறோம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அந்தப் பிரிவில் உள்ளவர் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். இது ஒரு தொல்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு பாஸ் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது, ஏர்போர்ட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சோதனை எதற்காக வைக்கப்பட்டது? படிக்காதவனை ஏமாற்றிவிடக் கூடாது என்று, அவனுக்குப் பதிலாக அரசாங்க அதிகாரி ஒருவர் ஒப்பந்தத்தைப் பார்க்கட்டும், முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று கேட்கட்டும் என்று வைக்கப்பட்டது. நடைமுறையில் அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், நிறையவே பேசலாம். இருந்தாலும் பெயரளவிலாவது ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று அந்தக் கேள்வி நின்றுவிடுகிறது. இனிமேல் அந்த ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியவன் நீ. அந்த நாட்டைப் பற்றி விசாரிக்க வேண்டியவன் நீ. மனப்பாடம் செய்து 35 மார்க் வாங்கியவனை அந்த இடத்தில் தனியாக நிறுத்தினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று நமக்குக் கண்முன்னால் காட்டப்பட்டுவிட்டது. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியாவாடி என்ற ஊரைச் சுற்றி, ஆயுதக் குழுக்களின் நிழலில், ஆன்லைன் மோசடி முகாம்கள் பெருகின. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்டவர்கள் எல்லை தாண்டி அந்த முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். தமிழக இளைஞர்களும் அதில் சிக்கி, பிறகு மீட்டு வரப்பட்டார்கள். இந்த வலையில் விழுந்தவர்களில் பட்டப்படிப்பு படித்தவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள். பெரியவர் கேட்டாரே, கணக்கும் இங்கிலீஷும் போதாதா என்று! அந்தப் பிள்ளைகளுக்கு அது இரண்டும் இருந்தது. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது செல்லாது என்பதும், எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த அரசாங்கத்தின் கையும் எட்டாத பகுதி என்பதும் யாராவது சொல்லியிருந்தால் ஒருவராவது தப்பியிருப்பார்.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். கத்தாரில் 2020இல் சட்டம் மாறியது. பழைய முதலாளியிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்காமலே வேலை மாறலாம் என்று ஆனது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1000 ரியால், தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி தராவிட்டால் அதற்குத் தனித் தொகை என்று நிர்ணயித்தார்கள். இந்த விவரம் தெரிந்து போகிற சபராளியும் தெரியாமல் போகிற சபராளியும் ஒரே விமானத்தில்தான் போகிறார்கள். இறங்கிய பிறகு இருவரின் நிலையும் ஒன்றாக இருக்காது.

பாமாயில் பாக்கெட்

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பகல் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வந்து உட்காருகிறவரிடம் 'பனிப்போர் என்றால் என்ன, குறிப்பு எழுதிக் கொள்ளுங்கள்' என்றால் ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார். முதல் வருடம் நாங்கள் அப்படித்தான் நடத்தினோம். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். குறை அவர்களிடம் இல்லை. எங்களிடம்தான் இருந்தது.

லுஹருக்குப் பிறகு நடக்கும் பெண்கள் வகுப்பில்தான் வழி கிடைத்தது. பாடம் நடத்திய சகோதரி ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ரேஷன் கடை பாமாயில் பாக்கெட்டை மேசை மேல் வைத்தார். "இது எதிலேர்ந்து வருது?" என்று கேட்டார். "பனை மரத்திலேர்ந்து" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். நம் ஊர்ப் பனையில் நுங்கும் பதநீரும்தானே வரும், எண்ணெய் எங்கே வரும் என்று ஒரு பெண்மணி மறுத்தார். அவருடைய மாமு மலேசியாவில் இருந்தவராம். அங்கே செம்பனைத் தோட்டம் என்று சொல்வார்களாம். அந்தப் பழத்தில்தான் எண்ணெய் எடுப்பார்களாம். வகுப்பு விழித்துக்கொண்டது!

படத்தில் மலேசியாவைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் இந்தோனேசியாவைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தின் பாமாயிலில் பெரும்பகுதி இந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வருகிறது. நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. சூரியகாந்தி எண்ணெய் நமக்குப் பெருமளவு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது தடைப்பட்டதும் எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். விலை ஏறியது. இந்தோனேசியாவின் சொந்த மக்களுக்கே எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. அந்த அரசு 2022 ஏப்ரல் 28இல் ஏற்றுமதியை நிறுத்தியது. விற்க முடியாமல் அங்கத்திய விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். மே 23இல் தடை நீக்கப்பட்டது. இவ்வளவும் ஒரு பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அந்த நாட்களில் பஜ்ஜிக் கடை வைத்திருந்த ஒரு தாய், "நான்தான் அன்னைக்கு மொத்த வியாபாரி ஏமாத்துறான்னு சண்டை போட்டேன்" என்று சொன்னாராம்.

அடுத்த வாரம் அவர்களே கேட்டார்கள்: அவ்வளவு தோட்டம் போட நிலம் எங்கிருந்து வந்தது? காட்டை அழித்துத்தான். 2015இல் இந்தோனேசியாவில் காடும் கரிநிலமும் எரிந்து எழுந்த புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் வாரக்கணக்கில் மூடியது. சுற்றுச்சூழல் பாடத்தை நாங்கள் தொடங்கவில்லை, அவர்கள் தொடங்கினார்கள். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற லிட்டருக்கு மிச்சப் பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்று இன்னொருவர் கேட்டார். மானியம், அரசு வரவு செலவு என்று பொருளாதாரப் பாடம் வந்துவிட்டது.

இது நாங்கள் கண்டுபிடித்த புது முறை என்று பெருமை பேச வரவில்லை. பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரைரே என்ற ஆசிரியர் 1963இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில், உழைக்கும் மக்களுக்கு அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை வைத்தே எழுத்தறிவு ஊட்டினார். மறு வருடம் ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அங்கே அப்போது ஓட்டுரிமை கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், ஏன் சிறை என்று விளங்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். நம் சமுதாயப் பெண்களும் அதில் இருந்தார்கள். 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்' என்று அன்று பேசிய வாய்கள் எத்தனை என்று அந்த மாவட்டத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குவைத்தும் தங்கமும்

ஆண்கள் வகுப்பில் நான் குவைத்தை எடுத்துக்கொண்டேன். 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது எனக்குப் பத்து வயது. என் சின்னத்தா அங்கே இருந்தார். ஈராக் வழியாக ஜோர்டானின் அம்மான் நகருக்கு வந்து, கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தார். அப்படி ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இதை வகுப்பில் சொன்னதும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு குவைத் கதை இருக்கிறது.

அந்தக் கதையின் மறுபாதி யாருக்கும் தெரியவில்லை. போரால் எண்ணெய் விலை ஏறியது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது. முன்பே கடனில் இருந்த நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்து, 1991 நடுவில் சில வார இறக்குமதிக்கு மட்டுமே மிஞ்சியது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. ஜூலை மாதம் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. பிறகு வந்ததுதான் புதிய பொருளாதாரக் கொள்கை. 'நம்ம உம்மா நகையை அடகு வச்ச அதே வருஷம் நாடும் வச்சிருக்கு' என்றார் ஒரு பரோட்டா மாஸ்டர். அதற்குப் பிறகு 1991 என்ற ஆண்டை அவர் மறப்பாரா?

நமக்கு வலிக்கிற பாடம்

இனிமேல் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பாலாற்றங்கரைக்கு வருகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்ட தொழில். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. அதே தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது என்பதும் உண்மை. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு நான்கு வருடம் முன்பு ரியோ டி ஜெனீரோ மாநாட்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கைகளை எடுத்துக்காட்டி, கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்திலும் அடங்கும் என்று அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் பாலாறு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டியிருந்தது. அதாவது கணக்கு இன்னும் தீரவில்லை.

'நம்ம ஆளுங்க தொழில், வகுப்பில் இதைப் பேசலாமா?' என்று ஒரு தம்பி தயங்கினார். பேச வேண்டும் என்றேன். வகுப்பில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் இருந்தார். உப்பு நீரால் தென்னை பட்டுப்போன குடும்பத்திலிருந்து வந்தவரும் இருந்தார். இருவரும் காரசாரமாகப் பேசினார்கள். நான் குறுக்கே போகவில்லை. தொழிலாளி ஒரு விஷயம் சொன்னார். 1989இல் ஜெர்மனி தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. சில வருடத்தில் சில வகைச் சாயங்களுக்கும் தடை வந்தது. மாற்று மருந்து தேடி அலைந்ததை அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறாராம். அதற்கு அந்த விவசாயி வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை: "ஜெர்மனிக்காரன் காலுக்குக் கெடுதின்னா உடனே மாத்தினீங்க. எங்க கிணத்துக்கு ஏன் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்தது?"

எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக உலக வர்த்தகத்தைச் சொல்லித் தந்ததில்லை. இங்கே தோல் வியாபாரம் செய்யும் பெரியவர்கள் இருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் சரக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போய் வாடகை ஏறியபோது உங்களுக்கு எப்படி இருந்தது? தூரத்தில் யாரோ எடுத்த முடிவுக்கு நாம் விலை கொடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கிணற்றுக்காரருக்கும் அப்படித்தான் இருந்தது.

செய்தியும் அறிவிப்பாளரும்

பாலஸ்தீனப் பாடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடம் வந்தால் வகுப்பு சூடாகிவிடும். பேச எல்லோருக்கும் வரும். எழுதச் சொன்னால் ஐந்து வரி வராது. அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். முதலில் ஆண்டுகள்: 1917, 1947, 1948, 1967, 1993, 2023. ஒவ்வொரு ஆண்டுக்கும் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். 1947இல் பிரிவினைத் திட்டத்துக்கு எதிராக இந்தியா ஓட்டுப் போட்டதும், 1988இல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்ததும், 1992இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு ஏற்படுத்தியதும் மூன்றும் எழுத வேண்டும். பிறகு எதிர்த்தரப்பு தன் நியாயம் என்று எதைச் சொல்கிறது என்பதையும் ஒரு பத்தி எழுத வேண்டும். 'அதை நான் ஏன் எழுதணும்?' என்று முகம் சுளிப்பார்கள். அவன் என்ன சொல்கிறான் என்றே தெரியாமல் அவனுக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்?

அகதி என்றால் யார் என்று கேட்டால் எல்லா வாயும் காஸா என்கிறது. சரிதான். ஆனால் நம் மாநிலத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்களில் முப்பது வருடத்துக்கு மேலாக வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் அவர்களின் நிலை என்ன? அதே இலங்கையில் 1990 அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. புத்தளத்தில் போய் முகாமில் கிடந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே படத்தில் காட்டினோம். நம்மவர் வலி மட்டும்தான் நமக்குத் தெரியும் என்றால் அந்தப் பாடத்தை நடத்தாமலே இருக்கலாம்.

இனி செல்போனில் வரும் செய்தி. இதற்கு நான் மதரஸாவில் படித்ததுதான் கை கொடுத்தது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் முதலில் வாசகத்தைப் பார்க்க மாட்டோம். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் உள்ளவரா என்று அறிவிப்பாளர் வரிசையைப் பார்ப்போம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப் போனால் அந்தச் செய்தி பலவீனமானது. இதையே வகுப்பில் வைத்தேன். ஒரு வீடியோவைக் கொண்டுவரச் சொன்னேன். 'நேற்று காஸாவில் நடந்தது' என்று போட்டு ஒரு தம்பி கொண்டுவந்தார். உனக்கு யார் அனுப்பினார்? மச்சான். மச்சானுக்கு? ஒரு குரூப். குரூப்புக்கு? தெரியாது. தேடிப் பார்த்ததில் அது பல வருடம் முந்திய, வேறு ஒரு நாட்டின் காட்சி. தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்கப்படாதே, நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான் என்றேன். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, விசாரிக்காமல் ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

கல்லாவில் இருப்பவர்களுக்கு

கடைசியாக முதலாளிமார்களுக்கு. சென்ற வருடம் ஒருவர் வகுப்புக்கு இருபது நாற்காலி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். அவர் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் பெயர் கொடுத்திருந்தான். பத்து நாள் வந்தான். அப்புறம் வரவில்லை. விசாரித்தால், சரக்கு இறக்க ஆள் இல்லை என்று ஒன்பதரை மணி வரை நிறுத்திக்கொள்கிறார்களாம். நாற்காலி வந்தது, உட்கார வேண்டியவன் வரவில்லை! அவரிடம் போய்க் கேட்டேன். "பாஸ் பண்ணிட்டா வெளிநாட்டுக்குப் போயிடுவான் ஹஜ்ரத், அப்புறம் எனக்கு யாரு?" என்று மனம் திறந்து சொன்னார். பொய் சொல்லாமல் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பையன் தேர்வு எழுதவில்லை.

உங்களிடம் பணம் கேட்கவில்லை. திங்கள், வியாழன் இரண்டு நாள் எட்டு மணிக்கு ஆளை விடுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த விவரத்தை வந்து சொல்லிக் கொடுங்கள். பில் ஆஃப் லேடிங் என்றால் என்ன, டாலர் ஒரு ரூபாய் ஏறினால் உங்கள் கொள்முதலில் எவ்வளவு கூடும் என்று உங்களைவிட நன்றாகச் சொல்ல எந்த ஆசிரியரால் முடியும்? மாதம் ஒரு மணி நேரம் போதும். பழைய கப்பல் பேப்பர், ஏற்றுமதி ரசீது எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். அதுதான் எங்களுக்குப் பாடப் புத்தகம்.

பெயர் கொடுக்கிறவர்கள் கவனியுங்கள். அரசுத் தேர்வுத் துறை மூலம் தனித்தேர்வராக எழுதுகிறவருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அது இல்லாதவர் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதை மறந்து போன வருடம் மூன்று பேர் ஒரு வருடத்தை இழந்தார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதுகிறவருக்கு 14 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வயது வரம்பு இல்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். யாருக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து பேசிச் சேர்த்துவிடுகிறோம். தாய்மார்கள் வகுப்புக்குச் சகோதரிகளே பெயர் எழுதிக்கொள்வார்கள்.

அந்த நாற்காலிக்காரர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வருகிறான் போலிருக்கிறது. தம்பி, முன்னால் வா. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டு. மேல் ஆணி கொஞ்சம் ஆடும், பார்த்து மாட்டு.